ஜெனீவாவுக்குப் போற பட்டியல்ல எங்க பேரணாம்பட்டும் இருக்கணும்

மத்திய வர்த்தக அமைச்சகத்துல டி.பி.டி. விஷயத்தைப் பாத்துக்கற அதிகாரிகளுக்கும், டெல்லி மானக் பவன்ல பி.ஐ.எஸ்.ஸோட (நம்ம நாட்டுத் தர நிர்ணய அமைப்பு) விசாரணை மையத்துல, அதாவது இந்த ரூல் பத்தி கேட்டா பதில் சொல்ற இடத்துல, இருக்கறவங்களுக்கும், ஜெனீவால உலக வர்த்தக அமைப்புல நம்ம நாட்டு சார்பா உக்காந்து பேசறவங்களுக்கும் வணக்கம்.

நான் வேலூர் மாவட்டம் பேரணாம்பட்டுல சின்னதா ஒரு தோல் யூனிட் நடத்தறேன். தோலைப் போட்டு சுத்தற பெரிய பீப்பாய், நாங்க டிரம்னு சொல்வோம், அது நாலு, ஆளுங்க என்னையும் சேத்து பன்னெண்டு பேர். எக்ஸ்போர்ட்டர் அனுப்பற வெட் ப்ளூவை, அதாவது குரோம்ல பதனிட்ட ஈரத் தோலை, ரீடேனிங் (மறுபடி பதனிடறது) பண்ணி, சாயம் போட்டு, எண்ணெய் ஏத்தி, காயவச்சு கிரஸ்ட்டா, அதாவது கடைசி மெருகு மட்டும் போடாத தோலா, திருப்பிக் கொடுக்கற ஜாப் வொர்க்தான் எங்க பொழப்பு. அந்தத் தோல் ஷூவாகி ஐரோப்பாவுக்குப் போகும், ஆனா எந்த ஷிப்பிங் பில்லுலயும் எங்க பேர் இருக்காது. அதனாலதான் இந்த லெட்டரை எழுதறேன், ஏன்னா ஜெனீவாவுக்கு அனுப்பற பட்டியலுக்காக தொழில்நுட்ப உதவி என்ன வேணும்னு நீங்க கேக்கறப்போ பேர் இருக்கறவங்களத்தான் கேப்பீங்க, அவங்க சொல்றதும் தப்பில்ல, ஆனா தோல் தப்பாகற இடம் எங்க டிரம்முக்குள்ள, அங்க என்ன உதவி வேணும்னு எங்களுக்குத்தான் தெரியும்.

இதைப் படிக்கற மத்தவங்களுக்காக ஒரு விஷயம் சொல்லிடறேன். டி.பி.டி.ன்னா வர்த்தகத்துக்கு வர்ற தொழில்நுட்பத் தடைகள். வரி போட்டு தடுக்கறது வேற, உன் சரக்குல இந்த கெமிக்கல் இவ்வளவுக்கு மேல இருக்கக்கூடாது, லேபிள் இப்படி இருக்கணும், டெஸ்ட் இப்படிப் பண்ணியிருக்கணும்னு சொல்றது வேற. இந்த ரெண்டாவதுக்கு உலக வர்த்தக அமைப்புல 1995 ஜனவரி 1-ல இருந்து ஒரு ஒப்பந்தம் இருக்கு. அதுல 11-வது பிரிவு முழுக்க தொழில்நுட்ப உதவி பத்தி, கேக்கற நாட்டுக்கு, அதுலயும் வளர்ற நாட்டுக்கு, மத்த நாடுங்க சொல்லிக் கொடுக்கணும், லேப் மாதிரி அமைப்புகளை உருவாக்க உதவணும்னு இருக்கு. 12-வது பிரிவு வளர்ற நாடுகளோட கஷ்டத்தைக் கணக்குல எடுத்துக்கணும்னு சொல்லுது. 2005-ல அந்த ஒப்பந்தத்தைப் பாத்துக்கற கமிட்டியே ஒரு படிவம் போட்டாங்க, எங்களுக்கு இன்ன இன்ன உதவி வேணும்னு ஒரு நாடு தானா எழுதித் தர்றதுக்கு. இதெல்லாம் எனக்கு ஒரு வருஷம் முன்னாடி வரைக்கும் தெரியாது, என் பொண்ணு காலேஜ் ப்ராஜக்டுக்காகத் தேடினப்போ எடுத்துக் காட்டினா, ரெண்டு பேரும் ராத்திரி உக்காந்து படிச்சோம். படிச்ச உடனே எனக்கு ஞாபகம் வந்தது 2019 கோடைதான்.

அந்த வருஷம் மே மாசம் நல்ல கத்திரி வெயில்ல ஒரு லாட் முடிச்சுக் கொடுத்தேன், ஷூவுக்கு உள்ள வைக்கற லைனிங் தோல், கறுப்பு, 6,000 சதுர அடி. சாயம் உள்ள வரைக்கும் இறங்கணும்னு எக்ஸ்போர்ட்டர் சொன்னதால நியூட்ரலைஸ் பண்றப்போ, அதாவது தோல்ல இருக்கற ஆசிட்டைக் குறைக்கறப்போ, பி.எச்.சை வழக்கத்தை விட கொஞ்சம் ஏத்திப் பிடிச்சேன், எண்ணெய் மீன் எண்ணெய்ல செஞ்சது போட்டேன், விலை கம்மி, தோலும் நல்லா மெத்துன்னு வரும். இங்க லேப்ல கொடுத்து டெஸ்ட் பண்ணப்போ குரோம் ஆறுங்கற விஷம் வரல, ரிப்போர்ட் க்ளீன். சரக்கு கோடவுன்ல பத்து நாள் கெடந்துச்சு, அப்புறம் ஷூவாச்சு, கன்டெய்னர் ஏறிச்சு. அங்க போய் பையரோட லேப்ல டெஸ்ட் பண்ணா கிலோவுக்கு 7 மில்லிகிராமுக்கு மேல. ஐரோப்பா சட்டம் 3 தான் விடும். மொத்த சரக்கும் நின்னு போச்சு, எக்ஸ்போர்ட்டருக்கு டெபிட் நோட்டு வந்துச்சு, அவர் அதுல ஒரு பங்கை என் பில்லுல கழிச்சார், நான் என் ஆளுங்களுக்கு ரெண்டு மாசம் பாதிக் கூலிதான் கொடுத்தேன். யாரையும் குறை சொல்லி இதை எழுதல, யாரு பேரையும் சொல்லவும் மாட்டேன். ஆனா க்ளீன் ரிப்போர்ட்டைக் கையில வச்சுக்கிட்டு திருடன் மாதிரி நின்னேன் பாருங்க, அதை இன்னும் மறக்க முடியல.

என்ன நடந்துச்சுன்னு புரிய எனக்கு ஆறு மாசம் ஆச்சு. நாங்க போடறது மூணாம் குரோம், பேசிக் குரோம் சல்ஃபேட், அது பெரிய விஷமில்ல. ஆனா சூடு, வெயில், காஞ்ச காத்து, கூடவே எண்ணெய்ல இருக்கற ஒரு வகைக் கொழுப்பு, இதெல்லாம் சேந்தா அதுல கொஞ்சம் ஆறாம் குரோமா மாறிடும், அது தோல் அலர்ஜி கொடுக்கற கெட்ட விஷம். இங்க டெஸ்ட் பண்ண அன்னிக்கு மாறல, கோடவுன்ல மாறிச்சு, கன்டெய்னர்ல மாறிச்சு. பையரோட லேப்ல தோலை 80 டிகிரில 24 மணி நேரம் வச்சு பழசாக்கி அப்புறம்தான் டெஸ்ட் பண்றாங்க, அதுக்கு 2018-ல ஐ.எஸ்.ஓ. 10195-ன்னு தனி முறையே வந்திருக்கு. எனக்கு அந்த நம்பரை அதுக்கு முன்னாடி யாரும் சொன்னதில்ல.

கடைசில சொல்லிக் கொடுத்தது ரிட்டையர் ஆன ஒரு டெக்னாலஜிஸ்ட். எங்க தெருவுல சொந்தக்காரங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர், பேச்சுவாக்குல நான் சொன்னதைக் கேட்டு, மறுநாள் காலைல வேட்டியோட யூனிட்டுக்கு வந்துட்டார். டிரம்முல கைய விட்டு தண்ணியைத் தொட்டுப் பாத்தார், பி.எச். பேப்பர் நனைச்சார், கெமிக்கல் ரூம்ல கேனைத் திருப்பி லேபிளைப் படிச்சார். அப்புறம் நியூட்ரலைஸ்ல இவ்வளவு மேல போகாத, கடைசில ஃபார்மிக் ஆசிட்ல நல்லா கீழ இறக்கி கழுவு, இந்த மீன் எண்ணெயை விட்டுட்டு வேற எண்ணெய்க்கு மாறு, ரீடேனிங்ல தோல் எடைக்கு 2 சதவீதம் வாட்டில் போடு, பட்டைச் சாறு குரோமை மாற விடாமப் பிடிச்சுக்கும்னார். அரை மணி நேரம்தான், டீ குடிச்சுட்டு கிளம்பிட்டார். அன்னில இருந்து இன்னிக்கு வரைக்கும் என் யூனிட்ல ஒரு லாட் குரோம் ஆறுல போனதில்ல. கெமிக்கல் செலவு கொஞ்சம் கூடிச்சு, அந்த டெபிட் நோட்டு முன்னாடி அது ஒண்ணுமே இல்ல. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டு தோல் பதனிட்ட ஊர்க்காரன் நான், பட்டைச் சாறோட அருமையை எனக்கே வெளிய இருந்து ஒருத்தர் வந்து சொல்ல வேண்டியிருந்துச்சு.

ஐயா, அம்மா, எங்களுக்கு வேணும்ங்கற தொழில்நுட்ப உதவி அந்த அரை மணி நேரம்தான். கல்யாணத்துக்கு வந்தவர் மூலமா தற்செயலா கிடைக்கக் கூடாது, ரூல் அமலுக்கு வர்றதுக்கு முன்னாடி, டிரம் பக்கத்துல வந்து, தமிழ்ல கிடைக்கணும்.

முன்னாடின்னு சொல்றேன்ல, அதுக்கு நேரம் இல்லாமலா போச்சு? குரோம் ஆறு ரூலை எடுத்துக்கோங்க. டென்மார்க் நாடு இதைத் தடுக்கணும்னு ஐரோப்பிய கெமிக்கல் ஏஜென்சிக்கு ஃபைல் கொடுத்தது 2012 ஜனவரில. சட்டம் வந்தது 2014 மார்ச் 25. அமலுக்கு வந்தது 2015 மே 1. ஏறக்குறைய மூணேகால் வருஷம் இது எல்லார் கண்ணு முன்னாடியும் இருந்திருக்கு. என் காதுக்கு வந்தது அமலுக்கு வந்து ரொம்ப நாள் கழிச்சு, ஒரு எக்ஸ்போர்ட்டரோட ஆர்டர் பேப்பர்ல அடியில ஒரு வரியா. அந்த வரி கூட 'குரோம் ஆறு இருக்கக்கூடாது'ன்னு மட்டும்தான் சொல்லிச்சு, எப்படி இல்லாமப் பண்றதுன்னு சொல்லல.

எங்கப்பா காலத்துலயும் இதே கதைதான். அப்போ தோல்ல பூஞ்சை பிடிக்காம இருக்க பி.சி.பி.ன்னு ஒண்ணு போடுவாங்க. 1989 டிசம்பர்ல ஜெர்மனி அதைத் தடை பண்ணிச்சு, தோல்ல 5 பி.பி.எம்.முக்கு, அதாவது கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு, மேல இருந்தா விக்க முடியாது. அப்பா அப்போ ஆம்பூர்ல ஒரு தோல் ஷாப்புல மேஸ்திரி. பி.சி.பி.யை நிறுத்தின அப்புறமும் தோல்ல வந்துக்கிட்டே இருந்துச்சாம், மர டிரம்முல அத்தனை வருஷம் ஊறிப் போயிருக்கு, தேச்சுத் தேச்சு கழுவினோம்டான்னு சொல்வார். அப்போ சென்னை சி.எல்.ஆர்.ஐ. (மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம்) விஞ்ஞானிங்க களத்துல இறங்கி மாத்து மருந்து சொன்னாங்க, டெஸ்ட் முறை கொண்டு வந்தாங்க, வெளிநாட்டு உதவியும் வந்துச்சு. அதுக்கு அப்புறம் ஆசோன்னு ஒரு வகை சாயம், ஜெர்மனில 1994-ல சட்டம், நம்ம நாடே பிறகு 112 சாயத்தைத் தடை பண்ணிச்சு. 2009-ல பூஞ்சை பிடிக்காம இருக்க வைக்கற டி.எம்.எஃப்.ங்கற கெமிக்கல், அதுக்கு ஐரோப்பா முடிவெடுத்தது மார்ச் 17, அமல் மே 1, ஏழு வாரம் கூட முழுசா கொடுக்கல. சோஃபால வச்ச சின்னப் பாக்கெட்டால ஜனங்களுக்கு தோல் வெந்து போச்சு, அவசரம் நியாயம்தான், ஒப்பந்தமும் அவசரத்துக்கு இடம் கொடுக்குது. ஆனா ஒவ்வொரு தடவையும் விஷயம் மேல இருந்து கீழ வர்ற வழி மட்டும் 35 வருஷமா மாறவே இல்ல, பையர் எக்ஸ்போர்ட்டருக்கு, எக்ஸ்போர்ட்டர் எங்களுக்கு, எங்களுக்கு வர்றப்போ அது செய்தியா வர்றதில்ல, ரிஜெக்‌ஷனா வருது.

கமிட்டி சொல்றபடி ஒரு நாடு புது ரூல் கொண்டு வரணும்னா மத்த நாடுங்க கருத்து சொல்ல 60 நாள் கொடுக்கணும். சட்டம் போட்ட அப்புறம் அமலுக்கு பொதுவா ஆறு மாசத்துக்குக் குறையாம விடணும்னு 2001 தோஹா முடிவு இருக்கு. இந்த 60 நாள் யாருக்கு? 2016-ல ஈபிங்னு ஒரு சேவை ஆரம்பிச்சாங்க, எந்த நாடு எந்தப் பொருளுக்கு ரூல் போடப்போகுதுன்னு மெயில்ல வரும், காசு கிடையாது. என் பொண்ணு எனக்குப் பதிவு பண்ணிக் கொடுத்தா. நல்ல விஷயம், மனசார சொல்றேன். ஆனா வருஷத்துக்கு வர்ற டி.பி.டி. அறிவிப்பு 2023-லயே 4,000-ஐத் தாண்டிடுச்சு, வர்றது இங்கிலீஷ், ஃபிரெஞ்சு, ஸ்பானிஷ்ல. எங்க ஊர்ல ஜாப் வொர்க் பண்றவங்கள்ல எத்தனை பேரு அதைப் படிச்சு, இது நம்ம தோலுக்கு வர்றது, இது வராதுன்னு பிரிச்சு, 60 நாளைக்குள்ள கருத்து எழுதி டெல்லிக்கு அனுப்ப முடியும்? நானே ஒண்ணு கூட அனுப்பினது இல்ல. விசாரணை மையம்னு ஒண்ணு இருக்கறதே எங்க சங்கத்துல பாதிப் பேருக்குத் தெரியாது, நான் போன மாசம் கேட்டுப் பாத்தேன்.

பெரிசா எதுவும் கேக்கல. தோல், செருப்பு, ஷூ சம்பந்தப்பட்ட அறிவிப்பை மட்டும் பொறுக்கி எடுத்து, மூணு நிமிஷம் தமிழ்ல பேசி வாட்ஸ்அப்புல அனுப்புங்க, உருதுலயும் அனுப்பினா இன்னும் நல்லது, ஆம்பூர் வாணியம்பாடில நிறைய பேருக்கு அது வீட்டுப் பேச்சு. எந்த கெமிக்கல், எவ்வளவு அளவு, எந்தத் தேதி, எந்த ப்ராசஸ்ல அது உருவாகும், கருத்து சொல்ல யாருக்குப் பேசணும். எழுதத் தெரியாதவங்க பேசியே கருத்து சொல்லட்டும், அதை எழுத்தாக்கறது உங்க ஆளு வேலை. இந்தச் செலவையே நீங்க ஜெனீவால கேக்கற பட்டியல்ல போடலாம், இதுவும் தொழில்நுட்ப உதவிதான்.

லேப் விஷயத்துக்கு வர்றேன், இது கொஞ்சம் சிக்கல். நம்ம பக்கம் லேப் இல்லாம இல்ல. என்.ஏ.பி.எல். (லேப்புக்கு அங்கீகாரம் கொடுக்கற நம்ம நாட்டு அமைப்பு) அங்கீகாரம் இருக்கற லேப்போட ரிப்போர்ட்டை வெளிநாட்டுலயும் ஒத்துக்கணும்னுதான் ஐலாக்னு ஒரு சர்வதேச உடன்பாட்டுல 2000-லயே நம்ம நாடு சேந்துச்சு. ஆனா நடைமுறைல பையர் 'நான் சொல்ற லேப்ல மட்டும் டெஸ்ட் பண்ணு'ன்னு சொல்றான், ஒரே தோலுக்கு மூணு பையர்னா மூணு லேப், மூணு பில். இது அரசாங்க ரூல் இல்ல, பையரோட கண்டிஷன், அதனால ஒப்பந்தம் நேரடியா பிடிக்காதுன்னு எனக்கும் தெரியும். இருந்தாலும் பையர் ஏன் நம்ம லேப்பை நம்பல? குரோம் ஆறு டெஸ்டையே எடுத்துப்போம். ரெண்டு கிராம் தோலைப் பொடியாக்கி பாஸ்பேட் கரைசல்ல மூணு மணி நேரம் ஆட்டி, வடிகட்டி, டைஃபீனைல் கார்பசைடு விட்டா, ஆறாம் குரோம் இருந்தா ரோஸ் கலந்த ஊதா நிறம் வரும். அந்த நிறத்தை 540 நானோமீட்டர்ல அளந்தா எவ்வளவுன்னு தெரியும். நான் ஒரு தடவை லேப்ல நின்னு என் தோலுக்கே பாத்தேன், கண்ணாடிக் குழாய்ல மெல்லிசா ரோஸ் ஏறுறதைப் பாக்கறப்போ வயித்தைப் பிசைஞ்சுது. இதுல என்ன சிக்கல்னா தோல்ல போட்ட சாயமும் கரைஞ்சு வந்து நிறத்தைக் குழப்பும், கறுப்புத் தோல்னா கேக்கவே வேணாம். அதனால சாயத்தைப் பிரிச்சுட்டு அளக்கற இன்னொரு முறை இருக்கு, அதுக்கு மெஷின் விலை அதிகம், ஓட்டத் தெரிஞ்ச ஆளு வேணும், அந்த ஆளு சம்பளம் பத்தலைன்னு வேற ஊருக்குப் போயிடாம இருக்கணும். ஒரே தோலைப் பத்து லேப்புக்கு அனுப்பி பத்து ரிசல்ட்டும் ஒத்து வருதான்னு பாக்கற பரிசோதனை அடிக்கடி நடக்கணும், அதுல ஐரோப்பா லேப்பும் நம்ம லேப்பும் சேந்து கலந்துக்கணும். ரூல் போடற நாடு அந்த ரூலுக்கான மாதிரித் தோலையும், டெஸ்ட் பண்ற ஆளுக்கு ட்ரெயினிங்கையும் அமலுக்கு முன்னாடியே நமக்குக் கொடுக்கணும்னு கேளுங்க. கட்டடமும் மெஷினும் கேக்கறது சுலபம், திறப்பு விழாவுக்கும் நல்லா இருக்கும். மெஷின் வந்து ரெண்டு வருஷத்துல அதுக்கான கெமிக்கல் வாங்க காசில்லாம துணி மூடி வச்சிருக்கறதை நான் என் கண்ணால பாத்திருக்கேன். அதனால அஞ்சு வருஷத்துக்கு ஆள் சம்பளமும், ரீஏஜென்ட்டும், கேலிப்ரேஷன் செலவும் சேத்து எழுதுங்க, இல்லைன்னா மெஷினே வேணாம்.

கருத்தரங்கு பத்தி ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்காதீங்க. ஒரு தடவை சென்னைல பெரிய ஹோட்டல்ல நடந்ததுக்குப் போனேன். நல்ல பேச்சு, நல்ல சாப்பாடு, கையில ஒரு பை கொடுத்தாங்க. நாள் முழுக்க இங்கிலீஷ்ல ஸ்லைடு ஓடிச்சு, ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் போட்டு வந்த எங்க ஊர் ஆளுங்க மூணு பேரு பின்னாடி உக்காந்து ஒருத்தர் மூஞ்சை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். அந்தப் பணத்துல பாதி இருந்தா எங்க ஊர்ல மட்டும் இருபது யூனிட்டுக்கு ஒரு டெக்னாலஜிஸ்ட் ஆளுக்கு ஒரு நாள் வந்து டிரம் பக்கத்துல நிக்கலாம். சி.எல்.ஆர்.ஐ.ல அறிவு இருக்கு, 1948-ல இருந்து இருக்கு, அடையாறுக்கும் எங்க டிரம்முக்கும் நடுவுலதான் ஆள் இல்ல.

நாங்க ரூலே வேணாம்னு சொல்றோம்னு மட்டும் நினைச்சுடாதீங்க. பாலாறு எங்க கண்ணு முன்னாடிதான் பாழாச்சு, 1996 ஆகஸ்ட் 28-ல உச்ச நீதிமன்றம் எங்க தொழிலோட கழிவைப் பத்திச் சொன்னது அத்தனையும் சும்மா சொன்னது இல்ல. குரோம் ஆறு அங்க ஷூ போடறவன் காலை மட்டும் கடிக்காது, இங்க காஞ்ச தோலைக் கையால அடுக்கற என் ஆளு கையையும் கடிக்கும். அளவைத் தளர்த்துங்கன்னு ஜெனீவால எங்க பேரைச் சொல்லி யாரும் வாதாட வேணாம். 3-ன்னா 3 இருக்கட்டும், அந்த 3-க்கு எப்படி வர்றதுன்னு சொல்லிக் கொடுங்கன்னுதான் கேக்கறோம்.

நம்ம நாடும் இப்போ ரூல் போடற இடத்துல இருக்கு. 2024 ஆகஸ்ட் 1-ல இருந்து செருப்பு ஷூவுக்கு தரக் கட்டுப்பாட்டு ஆணை வந்துச்சு, அதுக்கு முன்னாடி எத்தனை தடவை தள்ளிப் போச்சுன்னு உங்களுக்கே தெரியும், சின்ன யூனிட்டுங்க தயாரா இல்லைங்கறதுதான் அதுல பெரிய காரணம். உள்ளூர் ரூலுக்கே தயாராக இவ்வளவு கஷ்டம்னா வெளியூர் ரூலுக்கு எவ்வளவு?

அடுத்தது வாசல்ல நிக்குது. காட்டை அழிச்சு வளத்த மாட்டோட தோல் ஐரோப்பாவுக்குள்ள வரக்கூடாதுன்னு 2023-ல சட்டம் கொண்டு வந்தாங்க. ஆட்டுத் தோல் அந்தப் பட்டியல்ல இல்ல. அந்தச் சட்டம் எழுதினபடி பாத்தா மாடு வளந்த இடத்தோட மேப் பாயிண்ட் வரைக்கும் காட்டணும். 2024 டிசம்பர் 30-ல ஆரம்பிக்கணும்னு இருந்ததைத் தள்ளிப் போட்டாங்க. தோல் எங்களுக்கு எப்படி வருது தெரியுமா? ஒரு விவசாயி வீட்டுல ரெண்டு மாடு, அது சந்தைல கை மாறி, இன்னொரு சந்தைல கை மாறி, தோலா உப்புப் போட்டு மண்டிக்கு வந்து, அங்க நூறு ஊர்த் தோல் ஒரே குவியலாகி, வெட் ப்ளூவாகி என்கிட்ட வருது. நான் எந்த மேப் பாயிண்டைக் காட்டுவேன்? தள்ளிப் போட்ட நாளெல்லாம் நமக்குக் கிடைச்ச நேரம். மண்டிக்காரரையும் சந்தை புரோக்கரையும் கூப்பிட்டு, உப்புத் தோல்ல நிக்கற மாதிரி ஒரு டேக்கை எப்படிப் போடறதுன்னு இப்பவே பழக்க ஆரம்பிக்கலாம். பட்டியல்ல இதை முதல் வரியா எழுதுங்கன்னு கேட்டுக்கறேன், குரோம் ஆறுல நடந்தது மாதிரி ஆர்டர் பேப்பர் அடியில ஒரு வரியா இது எங்களுக்கு வந்து சேரக் கூடாது.

அந்தப் பட்டியலை எழுதறதுக்கு முன்னாடி ஒரு நாள் எங்க ஊருக்கு வாங்க. ஆம்பூர்ல இறங்கினா பஸ் இருக்கு, இல்ல நானே வண்டி எடுத்துட்டு வந்து கூட்டிட்டுப் போறேன். வெள்ளிக்கிழமை மட்டும் வேணாம், எங்க யூனிட் லீவு, டிரம் ஓடாது. காலைல எட்டு மணிக்கெல்லாம் வந்தா நியூட்ரலைஸ் ஓடிட்டு இருக்கும், பேப்பர் நனைச்சு பி.எச். நீங்களே பாக்கலாம். 2019 லாட்ல மிஞ்சின தோல் ரெண்டு இன்னும் பரண் மேல சுருட்டி வச்சிருக்கேன், அதையும் எடுத்துக் காட்டறேன்.

இப்படிக்கு,
பேரணாம்பட்டுல இருந்து ஒரு தோல் ஜாப் வொர்க்காரன்